போர்டு எழுதப் பழகியது

கிராஃபிக் டிசைன் படித்து முடித்த இளைஞர்கள் என்னைத் தேடி வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். நாள் முழுக்கத் திரை முன்னால் உட்காராமல், கையால் வேலை செய்தே இந்தத் துறையில் பிழைக்க முடியுமா? முடியும். நான் பிழைக்கிறேன். மதுரையில் கடைப் பெயர்ப்பலகைகளும் சுவர் விளம்பரங்களும் பிரஷ்ஷால் எழுதுகிறேன். வாடகை கட்டுகிறேன், வீட்டுக்குப் பணம் கொடுக்கிறேன். ஆனால் 'முடியும்' என்று ஒரு சொல்லில் சொல்லி அனுப்பிவிட மனம் வருவதில்லை. அதற்குள் என்னென்ன வேலை அடங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பட்டம் வாங்கிய பிறகு சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் சில வருடங்கள் இருந்தேன். நல்ல வேலை. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி எழுத்து. ஓவியர் கே.எம். ஆதிமூலம் புத்தக அட்டைகளுக்கும் இதழ்களுக்கும் கையால் எழுதித் தந்த எழுத்துக்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு தமிழ் எழுத்தைத் தடித்தும் மெலிந்தும் எழுதினால் அதற்கென்று ஒரு குரல் வந்துவிடுகிறது என்பதை அவரிடம்தான் கண்டேன். நிறுவனத்தில் என் வேலையோ, இருக்கிற எழுத்துருக்களில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து வைப்பது. தலைப்புக்குத் தகுந்த தமிழ் எழுத்துருக்கள் அப்போது சொற்பம். ஊருக்கு வரும்போது மாசி வீதிகளில் நடந்தால், கடைக்குக் கடை வேறு வேறு 'ம', வேறு வேறு 'ழ'. பலகையின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பெயரும் 'ஆர்ட்ஸ்' என்ற சொல்லும் இருக்கும். அப்படி ஒரு பெயரை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்ததுதான் சிம்மக்கல் பக்கத்துச் சந்தில் அண்ணனின் பட்டறை.

அண்ணன் சிறு வயதில் சினிமா பேனர் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தவர். துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடிப்பது, கட்டம் போடுவது, பின்னணி பூசுவது, கடைசியில் முகம் வரைவது என்று படிப்படியாக ஏறியவர். ஃபிளெக்ஸ் வந்ததும் பேனர் கம்பெனிகள் மூடப்பட்டன. உடன் வேலை பார்த்தவர்களில் பலர் வீட்டுப் பெயின்டிங்குக்குப் போய்விட்டார்கள். அண்ணன் தகர போர்டையும் சுவரையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டபோது, "சம்பளம்னு ஒண்ணும் தரமாட்டேன் தம்பி. நீயும் எனக்கு ஒண்ணும் தரவேணாம். காலைல ஆறரைக்கு வந்துரணும், அம்புட்டுத்தான்" என்றார்.

முதல் சில மாதங்கள் என் கைக்குப் பிரஷ் வரவில்லை, உப்புத்தாள்தான் வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. போர்டு எழுதும் தொழிலில் பாதிக்கு மேல் பரப்பைத் தயார் செய்வதுதான், அதைக் கற்காதவனால் ஒரு பலகைக்கும் பொறுப்பேற்க முடியாது. புது ஜி.ஐ. ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பளபளவென்று இருக்கிறதே என்று அதன்மேல் நேராக எனாமல் அடித்தால், அன்றைக்கு அழகாக இருக்கும். ஷீட்டின் மேலுள்ள துத்தநாகமும் பெயின்ட்டில் இருக்கும் எண்ணெயும் நாளடைவில் வினைபுரிந்து, இடையில் சோப்புப் படலம் உண்டாகும். ஒரு மழைக்காலம் போனால் பெயின்ட் தோல் தோலாக உரிந்து வரும். அதனால் முதலில் தின்னர் வைத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். பிறகு உப்புத்தாள் போட்டு மினுமினுப்பை எடுத்து, எட்ச் பிரைமர் அடிக்க வேண்டும். பழைய இரும்புத் தகரம் என்றால் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு. பள்ளம் உள்ள இடத்தில் பட்டி பார்த்து, காய்ந்ததும் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். அதன்மேல் இரண்டு கோட் எனாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் பலகையைத் தடவுவார். எங்கேயாவது கை தட்டினால் மறுபடி வாட்டர் பேப்பர்.

சுவர் இதைவிடக் கடினம். புதிதாகப் பூசிய சுவரில் சிமென்ட்டின் காரமும் ஈரமும் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் எனாமலில் எழுதினால் கொப்புளம் போடும். தெற்கு பார்த்த சுவரில் சிவப்பு சீக்கிரம் வெளுக்கும், கறுப்பும் கருநீலமும் தாங்கும். கடைக்காரர் சிவப்புதான் வேண்டும் என்றால், வெயில் படும் திசையைச் சொல்லி, எழுத்தைக் கருநீலத்துக்கும் சிவப்பை நிழலுக்கும் மாற்றச் சொல்லி அண்ணன் பேசுவார். வண்ணச் சேர்க்கை பற்றி நான் வகுப்பில் படித்தது நிறைய. அந்த வண்ணத்தின்மேல் மூன்று கோடைகாலம் வெயில் விழும் என்ற கணக்கை எனக்குச் சொன்னவர் அவர்.

பிரஷ் கைக்கு வந்தபோது அவர் முதலில் சொன்னது இது: "மேல தள்ளாத, கீழ இழு." பேனாவால் 'ப' எழுதும்போது இடப்பக்கம் இறங்கி, அடியில் ஓடி, வலப்பக்கம் ஏறுகிறோம். பிரஷ்ஷால் அப்படி ஏற முடியாது. முடி பிரிந்து விளிம்பு கலைந்துவிடும். இடக்கோடும் மேலிருந்து கீழ், வலக்கோடும் மேலிருந்து கீழ், அதன்பிறகு அடிக்கோடு இரண்டையும் சேர்க்கும். சுழி என்றால் இரண்டு பாதி. உச்சியில் தொடங்கி இடப்பக்கமாக ஒரு வளைவு, மறுபடி உச்சிக்கு வந்து வலப்பக்கமாக ஒரு வளைவு, இரண்டும் அடியில் சந்திக்கும். வளைவில் வரும்போது பிரஷ்ஷின் காம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல உருட்ட வேண்டும். அப்போதுதான் பட்டை முனை வளைவோடு திரும்பும். சின்ன வயதிலிருந்து கை பழகிய எழுத்து வரிசையை மறந்து, ஒவ்வொரு எழுத்தையும் பிரஷ்ஷுக்கு ஏற்றபடி துண்டு துண்டாகப் பிரித்துக் கற்றேன். 'ஞ' வசப்பட ரொம்ப நாள் ஆனது. இடக்கை ஓய்ந்திருக்காது. நுனியில் துணிப்பந்து கட்டிய ஒரு மூங்கில் குச்சியைப் பலகைமேல் சாய்த்துப் பிடித்திருக்கும், வலக்கை அதன்மேல் தாங்கி நிற்கும். ஈரப் பெயின்ட்டில் கை படாமல் இருக்கவும், கோடு நடுங்காமல் இருக்கவும் அதுதான் துணை.

பிரஷ்ஷைக் கவனிப்பது தனிப் பாடம். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் அலசி, சோப்பு போட்டுக் கழுவி, நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி விரலால் கூராக்கிப் படுக்க வைக்க வேண்டும். பழைய ஆட்கள் கீரி முடி பிரஷ்ஷைப் பற்றி இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கீரி பாதுகாக்கப்பட்ட பிராணி. அந்த பிரஷ்ஷை விற்பதும் வாங்குவதும் குற்றம். இப்போது கிடைக்கும் செயற்கை முடியிலேயே நல்ல தரம் இருக்கிறது, அதில் பழகுவதுதான் சரி. பெயின்ட் டப்பாவையும் படித்துப் பார்த்து வாங்குங்கள். வீட்டு உபயோகப் பெயின்ட்டுகளில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. தினமும் பெயின்ட்டில் கை வைப்பவனுக்கு இது முக்கியம். கையுறையும் முகக்கவசமும் பட்டறைக்குள் வந்தது என்னால்தான். அண்ணன் முதலில் மறுத்தார், இப்போது உப்புத்தாள் போடும்போது அவராகவே கேட்டு வாங்கி மாட்டிக்கொள்கிறார்.

எழுத்தை எங்கே, எவ்வளவு பெரிதாக வைப்பது என்ற பாடம் மேலமாசி வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு எழுதும்போது கிடைத்தது. கடை அண்ணாச்சிக்கு ஆங்கிலப் பெயர் பெரிதாக வேண்டும், கீழே தமிழ் சின்னதாக இருந்தால் போதும். அண்ணன் வாக்குவாதம் செய்யவில்லை. சாக்பீஸ் பொடி தேய்த்த நூலின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, பலகையின் உயரத்தைப் பத்துப் பங்காகப் பிரித்துக் கோடு சுண்டினார். "அண்ணாச்சி, அஞ்சு பங்கு தமிழுக்கு, மூணு இங்கிலீசுக்கு, ரெண்டு மத்த பாசைக்கு. இது கவர்மென்ட் கணக்கு. பெறகு ஆபீசர் வந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். கடைகள் நிறுவனங்கள் விதிகளின்படி தமிழ்நாட்டில் பெயர்ப்பலகைக்கு இந்த 5:3:2 விகிதம் இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. மூன்றாவது மொழி இல்லாததால் மிஞ்சிய இரண்டு பங்கில் ஒன்றைத் தமிழுக்கு மேலும் கீழும் இடமாக விட்டார், இன்னொன்றில் ஒரு குத்துவிளக்குக்கும் முகவரிக்கும் இடம் ஒதுக்கினார்.

அந்த மேல் கீழ் இடம் ஏன் என்பதை அங்கேயே காட்டினார். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் இரண்டு கோட்டுக்குள் அடங்கிவிடும். தமிழில் 'மீ' மேலே விலங்கு போடும், 'கு' கீழே இறங்கும், 'ழு' இன்னும் கீழே போகும், மெய்யெழுத்து தலைக்குமேல் புள்ளி கேட்கும். கோட்டுக்கு நெருக்கமாக எழுதிவிட்டால் புள்ளி சட்டத்தில் முட்டும். எழுத்துக்கு நடுவே விடும் இடைவெளியை அவர் அளவுகோலால் அளப்பதில்லை. துணைக்கால் வந்தால் அடுத்த எழுத்தை நெருக்குவார். 'ட' வந்தால் அதன் தலைக்குமேல் திறந்திருக்கும் வெற்றிடத்தையும் கணக்கில் சேர்த்து அடுத்த எழுத்தை உள்ளே இழுப்பார். கல்லூரியில் இதே விஷயத்தைத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே மவுஸால் நகர்த்தினேன், பிடிக்காவிட்டால் திரும்ப நகர்த்தினேன். இங்கே முதல் எழுத்தை வைக்கும்போதே கடைசி எழுத்து எங்கே விழும் என்று கண்ணுக்குள் தெரிய வேண்டும்.

சாக்பீஸில் எழுதி முடித்ததும், "அங்கிட்டு பஸ் ஸ்டாப்புல போயி நின்னு பாரு" என்று அனுப்பினார். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று பலகை வடிவமைப்பில் ஒரு கணக்கு உண்டு. அது ஆங்கில எழுத்தை வைத்துப் போட்டது. 'ணி', 'ஞ' போன்ற எழுத்துக்களில் கோடுகள் நெருக்கமாக இருப்பதால் அதே உயரம் போதாது என்பதைப் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது கண்கூடாகப் பார்த்தேன். நான் திரும்பி வந்து சொன்ன எழுத்துக்களின் உள்வெளியை மட்டும் அண்ணன் துடைத்து அகலமாக்கினார். அண்ணாச்சி கடைசியில் தமிழ் பெரிதாக இருப்பதைத் தெருக்கோடியில் நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பழைய போர்டுகளுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும் வேலையும் வரும். அதில் எனக்குத் தனி ஆசை. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டதற்கு முன்பு எழுதியவற்றில் 'லை', 'ணை', 'னை' எல்லாம் துதிக்கை தூக்கி நிற்கும், 'றா', 'னா' சுழித்துக்கொண்டு போகும். உரிமையாளர் கேட்டால் புது எழுத்துக்கு மாற்றுவோம். கேட்காவிட்டால் பழையபடியே எழுதுவோம். துதிக்கையை எழுத அண்ணனுக்கு இரண்டே இழுப்பு போதும். அதன் வளைவு மாறாமல் இருக்க, பழைய எழுத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலில் பிரதி எடுத்து, கோட்டின்மேல் ஊசியால் ஓட்டை போட்டு, கரித்தூள் பொட்டலத்தால் தட்டிப் புதுப் பூச்சின்மேல் இறக்குவேன். அந்தத் தாள்களை எல்லாம் தேதி போட்டு அடுக்கி வைத்திருக்கிறேன். தில்லியில் ஹனீஃப் குரேஷி 'ஹேண்ட்பெயின்டட் டைப்' என்று தெரு ஓவியர்களின் எழுத்துக்களைச் சேர்த்து எழுத்துருவாக்கினார். அவர் 2024இல் மறைந்துவிட்டார். தமிழ் போர்டு எழுத்துக்கு அப்படி ஒரு தொகுப்பு வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், என் பங்குக்கு இந்தத் தாள்கள் இருக்கின்றன.

இனி வருமானம். சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. தகரம், சட்டம், பெயின்ட் செலவு தனி. பாதிப் பணம் முன்னால் வாங்கிவிட வேண்டும். மாத வேலையின் நிதானம் இதில் கிடையாது, வருடத்துக்கு ஒரு தாளம் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புதுக்கடை திறக்கமாட்டார்கள், கை காய்ந்துவிடும். ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரங்களில் தூங்க நேரம் இருக்காது. ஆயுத பூஜைக்கு முன்னால் பட்டறைகளும் வண்டிகளும் வரிசை கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை சுவரை விடாது, அப்போது உள்ளே உட்கார்ந்து எழுதும் வேலையை வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டல்களின் உட்சுவர், பள்ளிக்கூட வகுப்பறை, கரும்பலகையில் எழுதும் விலைப்பட்டியல் எல்லாம் அந்த மாதங்களுக்காக நான் தேடிப் பிடித்தவை. டிசைன் படித்ததன் பலன் இங்கேதான் பணமாகிறது. ஒரு காபிக் கடைக்குப் பலகை மட்டும் எழுதாமல், உட்சுவர், பில் புத்தகம், பொட்டலத்தாள் எல்லாவற்றுக்கும் ஒரே கையெழுத்தைக் கொடுக்கிறேன். பென்சில் படத்தைப் போனில் படமெடுத்து அனுப்பி ஒப்புதல் வாங்குகிறேன். ஃபிளெக்ஸோடு விலையில் போட்டி போட முடியாது, அதை நான் முயல்வதும் இல்லை. ஃபிளெக்ஸ் இரண்டு வெயிலில் வெளிறிக் கிழியும், பி.வி.சி. என்பதால் மக்காமல் சாக்கடையில் கிடக்கும். ஒழுங்காகத் தயார் செய்த தகரத்தில் எழுதியது பல வருடம் நிற்கும் என்பதைப் பழைய போர்டுகளைக் காட்டித்தான் புரிய வைக்கிறேன். சுவரில் எழுதும் முன் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தை வாங்கிவிடுங்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, வழக்கு எழுதியவன்மேலும் வரும்.

போர்டு எழுதுவது ஒரு வழிதான். என்னோடு படித்த தோழி ஒருத்தி ஸ்க்ரீன் பிரின்டிங்குக்குப் போனாள். கல்யாணப் பத்திரிகையில் தொடங்கி இப்போது ஓவியர்களுக்கு அச்சுப் பிரதிகள் எடுத்துத் தருகிறாள். ஒரு வண்ணத்துக்கு ஒரு ஸ்க்ரீன், ஒவ்வொன்றும் முந்தையதன்மேல் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். சென்னையின் தாரா புக்ஸ் 2006இல் கொண்டுவந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி வரைந்த மரங்கள், கையால் செய்த கறுப்புத் தாளில், பக்கம் பக்கமாகக் கையாலேயே அச்சிடப்பட்டவை. உலகெங்கும் வாங்குகிறார்கள். லாரி ஓவியம் வேண்டுமென்றால் நாமக்கல் பாடி கட்டும் பட்டறைகள், பஸ் என்றால் கரூர். பெரிய சுவர்மேல் ஆசை உள்ளவர்கள் 2020இல் சென்னை கண்ணகி நகரில் குடியிருப்புச் சுவர்களில் வரையப்பட்டவற்றைப் போய்ப் பார்க்கலாம். அச்சோவியம் முறையாகப் படிக்க விரும்பினால் 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சோழமண்டலத்தை உருவாக்கியபோது, பாட்டிக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணம்தான் அவர்களைத் தாங்கியது. ஓவியம் வரைய நேரத்தைக் கைத்தொழில் வாங்கித் தந்தது. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கற்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை, இரண்டு நாள் பயிலரங்கோடு நின்றுவிடாதீர்கள். தொழில் செய்துகொண்டிருக்கும் ஒருவரிடம் போய் நில்லுங்கள். போனதும் கேமராவைத் தூக்காதீர்கள். காலையில் போங்கள், சாமான் தூக்குங்கள், ஏணியைப் பிடியுங்கள். வாடிக்கையாளர் விலை பேசும்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள், பாதித் தொழில் அங்கேதான் நடக்கிறது. கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு வேலையை விடுங்கள், அல்லது நான் செய்ததுபோல் வார இறுதிகளில் வெளியிலிருந்து வரும் டிசைன் வேலையை வைத்துக்கொண்டே பழகுங்கள். நீங்கள் சம்பாதிக்கத் தொடங்கியதும், கற்றுக்கொடுத்தவருக்கு உங்கள் வேலையில் கூலியோடு பங்கு கொடுங்கள், பலகையில் அவர் பெயரையும் எழுதுங்கள். என் போர்டுகளில் கீழ் ஓரத்தில் இரண்டு பெயர் இருக்கும்.

இப்போது கண்ணாடியில் எழுதப் பழகுகிறேன். பலகையில் கடைசியில் வருவது கண்ணாடியில் முதலில் வரும். பின்பக்கத்திலிருந்து, வலமிருந்து இடமாக, முதலில் வெளிக்கோடு, பிறகு உள்நிறம், பிறகு நிழல், எல்லாவற்றுக்கும் பின்னால் தரை வண்ணம். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களிலும் இதே வரிசைதான். ஜெலட்டின் கரைத்த நீரைக் கண்ணாடியில் பூசி, அதன்மேல் தங்க ரேக்கை மூச்சு விடாமல் இறக்கி, காய்ந்தபின் எழுத்து மட்டும் நிற்க மீதியைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு சித்த மருந்துக் கடையின் வாசல் கதவு பட்டறையில் சாய்த்து வைத்திருக்கிறது. 'மூலிகை'யில் கொம்பு எந்தப் பக்கம் வரும் என்று அண்ணனும் நானும் வெளியே போய் நின்றும் உள்ளே வந்து நின்றும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆவணி முகூர்த்தத்துக்குள் கதவை மாட்டியாக வேண்டும். ரேக்குக்கு முன்பணம் வாங்கியாயிற்று.